பழகுநர் என்றொரு சொல்: ஒரகடம் வட்டாரத்தில் சங்கமும் கல்வியும்

1

இரண்டு சட்டப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம், தொழிலாளி என்றால் யார் என்று சொல்லவரும் இடத்தில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, பழகுநர் உட்பட என்று சொல்லி மூடுகிறது. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டமோ தனது 18ஆம் பிரிவில், பழகுநர் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் குறித்த சட்டங்கள் அவருக்குச் செல்லாது என்கிறது. ஆள் ஒருவன்தான். மெஷினும் ஒன்றுதான், ஷிஃப்டும் ஒன்றுதான். ஒரு பிரதியில் அவன் தொழிலாளி, இன்னொன்றில் மாணவன். 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு இந்தக் குழப்பத்தை ஒருவழியாகத் தீர்த்துவிட்டது. அதிலும் தொழிலாளி பற்றிய வரையறையில் ஓர் அடைப்புக்குறி உண்டு. உள்ளே இருப்பது, பழகுநர் நீங்கலாக.

'உட்பட' என்பது 'நீங்கலாக' என்று மாற 73 வருஷம் ஆகியிருக்கிறது. இதை வக்கீல்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் ஆலைப் பிரதேசத்தில் ஒரு இளைஞனிடம் 'உனக்கு என்ன வேலை தெரியும்?' என்று கேட்பவர் குறைவு. 'பெர்மனென்ட்டா, டிரெய்னியா, காண்ட்ராக்ட்டா?' என்பதுதான் கேள்வி. கற்பவன் என்பது அங்கே ஒரு கூலி விகிதத்தின் பெயர். அவனிடம் பெண் கொடுக்கலாமா, அவனுக்குக் கடன் கொடுக்கலாமா என்பதையும் அந்தப் பெயரே தீர்மானிக்கிறது.

'திறன் மேம்பாடு' என்று அரசும் முதலாளிகளும் இன்று ஒரே குரலில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இந்தப் பெயரின் வரலாறு மறைந்துபோகிறது. தொழிற்சங்கங்களும் இந்த மறதியில் பங்குடையவை என்பதே இங்கே சொல்ல வருவது. ஒரு படிப்புச் சபையின் மடியில் பிறந்த தமிழகத் தொழிற்சங்கம், வேலை கற்றல் என்ற களத்தை எப்படி நிர்வாகத்திடம் விட்டுவிட்டது? அதைத் திரும்பப் பெறுவது எப்படி?

2

பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு சபை நடத்திவந்தார்கள். பக்திச் சபைதான். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளிகள் அங்கே சொற்பொழிவு கேட்க வந்தார்கள். வந்தவர்கள் பேச்சுவாக்கில் ஆலைக்குள் நடப்பதையும் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் கையலம்பி உட்காரவே போதவில்லை என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. இந்தச் சபையின் வழியாகத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான திரு.வி.க. 1917 வரை வெஸ்லி கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர்.

சங்க வரலாறுகளில் இந்தச் சபை ஒரு முன்னுரைபோல் வந்து போய்விடும். நாம் அங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். இதிகாசம் கேட்கக் கூடிய கூட்டம் தன் உழைப்பு நேரத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டது எப்படி? சொற்பொழிவு என்ற பழைய வடிவம், கேட்பவர்களுடைய வாயைத் திறக்கும் வடிவமாக மாறியதில்தான் அது நடந்தது. மில் இருந்த இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு, இரண்டுக்கும் நடுவில் சபை. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் நடுவில் தமிழ். இந்த இரண்டு நெருக்கமும் இல்லாமல் அந்தச் சங்கம் இல்லை.

இதைப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பியதும் புளியந்தோப்பில் வன்முறை வெடித்ததும் நமக்குத் தெரிந்ததே. அந்தச் சபையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள், யார் உட்காரவில்லை என்ற கேள்வியை எழுப்பாமல் 1921ஐப் புரிந்துகொள்ள இயலாது. கற்கும் இடத்தில் இருந்த பிளவு போராடும் இடத்தில் வந்து நின்றது என்றுதான் கொள்ள வேண்டும்.

அப்போது சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பின்னி நிர்வாகம் வழக்குத் தொடுத்து, 1920இல் உயர்நீதிமன்றம் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் தடை விதித்தது. அந்த நெருக்கடியின் விளைவாக எழுந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது.

3

சுதந்திரத்துக்குப் பிறகு கல்வி பற்றிய பேச்சு வேறு பாதையில் போயிற்று. தமிழ்நாட்டில் 'தொழில் கற்றல்' என்ற தொடரை யாரும் வெறுமையாக உச்சரித்துவிட முடியாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயரிட்டுத் திராவிட இயக்கம் அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் கைவிடப்பட்டது. சாதி கொடுக்கும் பயிற்சிக்குப் பதிலாக அரசு கொடுக்கும் பயிற்சி என்ற வகையில் ஐடிஐ என்ற நிறுவனம் ஒரு விடுதலையாகவே இங்கே பார்க்கப்பட்டது. தச்சன் மகன் ஃபிட்டர் ஆவதும், பண்ணையாள் மகன் டர்னர் ஆவதும் சின்ன சமாச்சாரமில்லை. இன்று விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஐடிஐ சான்றிதழோடு ஒரகடத்துக்கு பஸ் ஏறும் பையனின் பையில் அந்த வரலாறும் இருக்கிறது. ஆலைக்குள் போனபின் அந்தச் சான்றிதழ் அவனைத் தொழிலாளி ஆக்குவதில்லை, மீண்டும் பழகுநராக்குகிறது என்பதுதான் வேதனை.

சங்கங்கள் இந்தக் காலத்தில் என்ன செய்தன? 1958இல் மத்திய அரசு தொழிலாளர் கல்விக்கென மத்திய வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. தலைமையகம் நாகபுரி. அரசு, முதலாளிகள், சங்கங்கள் என மூன்று தரப்பும் அதில் உண்டு. கல்வி அதிகாரிகள் தொழிலாளர்களிலேயே சிலரை ஆசிரியர்களாகத் தயாரிப்பார்கள். அவர்கள் ஆலைக்குத் திரும்பி சக தொழிலாளிகளுக்கு வகுப்பெடுப்பார்கள். தொழிலாளியே ஆசிரியன் என்ற இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் பாடம் எது? சங்கம் நடத்துவது எப்படி என்பதோடு உற்பத்தித் திறன், தொழில் அமைதி என்பவையும் சேர்ந்தன. மெஷின் பக்கத்தில் நடக்கிற கற்றல் அதன் எல்லைக்குள் வரவேயில்லை. அதை 1961 சட்டம் முதலாளியின் கையில் கொடுத்துவிட்டது.

இப்படியாக ஒரு பாகப்பிரிவினை எழுதாமலே நடந்தது. கூலி, போனஸ், வேலைநீக்கம் ஆகியவை சங்கத்துக்கு. வேலை எப்படிச் செய்வது, யார் யாருக்குக் கற்றுத்தருவது என்பவை நிர்வாகத்துக்கு. டெய்லர் 1911இல் எழுதிய விஞ்ஞான நிர்வாகத்தின் சாரம், சிந்திப்பதைத் தொழிலாளியின் கையிலிருந்து பிடுங்கி அலுவலகத்தில் வைப்பதுதான் என்று 1974இல் ஹாரி பிரேவர்மன் விளக்கினார். நமது சங்கங்கள் டெய்லரை ஏற்றுக்கொண்டதாக எந்தத் தீர்மானமும் இல்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியல்களை வாசித்தால், அவரோடு சண்டை போட்டதாகவும் தெரியவில்லை.

4

பக்கிங்காம் கர்னாடிக் ஆலை மூடப்பட்டது 1996இல். ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டதும் அதே வருஷம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். பெரம்பூரின் புவியியல் இங்கே இல்லை. ஆலை ஓரிடம், வாடகை அறை இன்னோரிடம், ஊர் நூறு மைலுக்கு அப்பால். ஷிஃப்ட் முடிந்தால் கேட்டுக்கு உள்ளேயே கம்பெனி பஸ் நிற்கும். வாயிற்கூட்டம் போட வாயிலில் ஆளே இறங்காத நிலை. சபைக்கு இடமில்லாதபடி வரையப்பட்ட நிலப்படம் இது.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். மின்னணு ஆலைகள் பதினெட்டு, இருபது வயசுப் பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்தன. 'பெண்களுக்கு விரல் வாகு உண்டு' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இயல்பு என்று பெயரிட்டுவிட்டால் அது திறன் ஆகாது. திறன் ஆகாவிட்டால் கூலி கேட்க முடியாது. வீட்டில் தைத்தும் பின்னியும் பல வருஷம் பெற்ற பயிற்சியை இயற்கைக் கணக்கில் எழுதும் இந்தத் தந்திரத்தை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இலேயே அம்பலப்படுத்தியிருக்கிறார்கள். ஆலையிலிருந்து விடுதி, விடுதியிலிருந்து ஆலை என்று போய்வந்த ஃபாக்ஸ்கான் பெண்கள் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கூடிப் பேச வேறு மன்றம் இல்லை. நெடுஞ்சாலையே மன்றமாயிற்று.

ஆலைக்குள்ளே கற்றல் எப்படி நடக்கிறது? ஜப்பானிய, கொரிய உற்பத்தி முறையைப் பின்பற்றும் ஆலைகளில் லைன் ஓரத்தில் ஒரு பலகை தொங்கும். 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' என்பார்கள். தொழிலாளியின் பெயருக்கு நேரே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், நான்காகப் பகுக்கப்பட்டிருக்கும். கற்றுக்கொண்டிருக்கிறான் என்றால் கால்வட்டம் கறுப்பு. துணையோடு செய்வான் என்றால் அரை. தனியாகச் செய்வான், முக்கால். பிறருக்குக் கற்றுத்தருவான் என்றால் முழுவட்டம். இந்தப் பலகை பூக்கோ சொன்ன கண்காணிப்பின் கருவி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. அதற்குள் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. தொழிலாளியிடம் அறிவு இருக்கிறது, அது அளக்கத்தக்கது, அவன் ஆசிரியனாகவும் இருக்கிறான் என்பதை நிர்வாகமே சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. பலகையில் முழுவட்டம் வாங்கியவன் சம்பளச் சீட்டில் டிரெய்னியாகவே நீடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்து வரும் டிரெய்னிக்கு அவனே வாத்தியார். ரெண்டு பேருக்கும் உதவித்தொகைதான்!

ஏன் இப்படி? 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமொன்று 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ஆகவே நாளைக் குறைக்க வேண்டும், அல்லது பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்றுவதற்கு அரசும் கை கொடுத்தது. பழகுநர் சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனை 2014 திருத்தத்தில் அபராதமாகச் சுருங்கியது. 2016 முதல் பழகுநர் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்வரை, மத்திய அரசே திருப்பிக் கொடுத்தது. 2019இல் மொத்த ஆட்பலத்தில் 15 சதவீதம்வரை பழகுநர் இருக்கலாம் என்று வரம்பு உயர்ந்தது. சட்டப்படி பதிவான பழகுநராவது தேர்வெழுதித் தேசியப் பழகுநர் சான்றிதழ் வாங்கலாம். கம்பெனி தானாகச் சூட்டிய டிரெய்னிப் பெயருக்கு அதுவும் கிடையாது.

அதன் விலை என்ன என்பதை நோக்கியா காட்டியது. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரித் தகராறில் மாட்டியிருந்ததால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்துக்களில் ஸ்ரீபெரும்புதூர் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். போன் ஒன்றின் குறையைக் கை பட்டதும் சொல்லக்கூடியவர்கள். இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். அவர்களோடு வெளியே வந்த அறிவுக்குக் கேட்டைத் தாண்டிய பின் பெயர் இல்லை. பணத்தைப் பற்றிப் பேச சங்கம் இருந்தது. எட்டு வருஷம் கற்றதை எந்தத் தாளில் எழுதித்தருவாய் என்று கேட்க, சங்கத்தின் கையில் முன்பே போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை.

இராமாநுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். குரு இரகசியமாகக் கொடுத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்திலேறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. அவர் ஊரில் இப்போது அறிவு எதிர்த்திசையில் போகிறது. லைனில் நிற்பவன் கண்டுபிடித்த சின்னச் சின்ன உபாயங்கள் 'கைசன்' என்ற பெயரில் எழுதி வாங்கப்பட்டு, மேலே போய், கம்பெனியின் சொத்தாகின்றன.

5

சங்கங்கள் எதையும் கற்பிக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2007இல் ஹூண்டாயில் சிஐடியு சார்பில் சங்கம் தொடங்கப்பட்ட பின் வந்த வேலைநீக்கங்களும் அவற்றை எதிர்த்த வேலைநிறுத்தங்களும் இந்த வட்டாரத்துக்கே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தன. நிலையாணை என்றால் என்ன, விளக்கம் கேட்கும் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது, 12(3) ஒப்பந்தத்துக்கும் 18(1) ஒப்பந்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் டிப்ளமோ படித்த பையன்கள் இங்கே கற்றுக்கொண்டார்கள். எந்தப் பாலிடெக்னிக்கிலும் இது பாடமில்லை. 2021 கொரோனா அலையின்போது ரெனோ-நிஸான் தொழிலாளர் சங்கம் உயர்நீதிமன்றம் போனது. லைனில் கார்களுக்கிடையே வெற்றிடம் விட்டால்தான் ஆட்களுக்கிடையே இடைவெளி வரும் என்ற வாதம் நீதிமன்றத்தில் வந்தது. லைனின் வேகத்தையும் ஆட்கள் நிற்கும் இடங்களையும் அறிந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய வாதம் அது. தொழிலறிவு தொழிலாளியின் பக்கம் நின்று பேசிய அபூர்வமான தருணம்.

2024 செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் 15 வரை, 37 நாள், சாம்சங் தொழிலாளர்கள் சுமார் 1,500 பேர் பந்தலில் உட்கார்ந்தார்கள். முதன்மையான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்பது நிர்வாகத்தின் ஆட்சேபங்களில் ஒன்று. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று, பின்னித் தொழிலாளிகள் காரணமாகப் பிறந்த அதே 1926 சட்டத்தின் கீழ். பெயர் என்பது வெறும் பெயரல்ல என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. தன் பெயருக்காக 37 நாள் உட்கார முடிந்த இயக்கம் 'டிரெய்னி' என்ற பெயரை ஏன் தட்டிக்கேட்கக் கூடாது?

இங்கேதான் தயக்கம் தெரிகிறது. ஆலைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளரோடு நின்றுவிடுகிறது. 'டிரெய்னிதானே, ரெண்டு வருஷத்துல போயிடுவான்' என்ற சமாதானம் சங்கத்துக்குள்ளும் ஒலிக்கக்கூடியது. போய்விடுகிறவன் இடத்துக்கு இன்னொரு டிரெய்னி வருகிறான். நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெறும்போது அந்த இடம் நிரந்தரமாக நிரப்பப்படாமல் போகலாம். இந்தக் கணக்கை நிர்வாகம் பத்து வருஷத்துக்குப் போடுகிறது, சங்கம் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குப் போடுகிறது.

6

வேறு இடங்களில் இந்தக் கேள்வி எப்படிக் கையாளப்பட்டது என்று பார்ப்பது பயன்படும். இத்தாலிய உலோகத் தொழிலாளர்கள் 1973 தேசிய ஒப்பந்தத்தில் 150 மணி நேரம் சம்பளத்தோடு படிக்கும் உரிமையை வென்றார்கள். முதலாளிக்கு வேண்டிய படிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்கப் போனவர்கள் உண்டு, வரலாறும் பொருளாதாரமும் படித்தவர்கள் உண்டு. 1919இல் தூரின் ஆலை மன்றங்களைப் பற்றி எழுதிய கிராம்ஷியின் கனவுக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த ஒரு சிறு பதில் என்று இதைச் சொல்லலாம். ஜெர்மனியில் 1972 சட்டம் ஆலைக்குழுவுக்கு, தொழிற்பயிற்சி நடத்தப்படும் விதத்தில் கூட்டுமுடிவு உரிமை தந்தது. பிரிட்டனில் 1998இல் சங்கக் கல்வி நிதி ஏற்பட்டது; 2002 சட்டம் சங்கத்தின் கல்விப் பிரதிநிதிகளுக்கு வேலை நேரத்திலேயே செயல்பட உரிமை கொடுத்தது. பலர் பயனடைந்தார்கள். ஆனால் நிதி அரசினுடையது. இங்கிலாந்தில் 2021இல் அரசு அதை நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தத்தில் வென்றதற்கும் மானியமாகப் பெற்றதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தல்லி ராஜஹராவுக்குப் போகலாம். சங்கர் குஹா நியோகியின் சங்கம் இரும்புச் சுரங்கத் தொழிலாளரைக் கொண்டு பள்ளிகள் நடத்தியது, 1983இல் மருத்துவமனை கட்டியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சுரங்கத்தை முழுதாக இயந்திரமயமாக்கும் திட்டத்துக்கு எதிராக, பாதி இயந்திரம் பாதி ஆள் என்றொரு மாற்றுத் திட்டத்தைத் தானே தயாரித்து வைத்தது. தொழில்நுட்பம் நிர்வாகத்தின் தனிச்சொத்து அல்ல என்பதைக் கூலித் தொழிலாளர் சங்கம் ஒன்று காட்டியது. நியோகி 1991இல் கொல்லப்பட்டார்.

7

ஆகவே ஒரகடத்தில் என்ன கேட்கலாம்? பழகுநரும் டிரெய்னியும் எத்தனை பேர், எத்தனை மாதம் என்பது ஒப்பந்தத்தின் பொருளாக வேண்டும். முக்கால்வட்டம் வாங்கியவனை டிரெய்னி என்று அழைக்கக் கூடாது. நிர்வாகத்தின் பலகையையே நாம் சாட்சியாகக் காட்ட வேண்டும். முழுவட்டக்காரர் கற்றுத்தரும் நேரத்துக்குத் தனிப்படி வேண்டும். ஆலை மூடினாலும் ஆளோடு போகிற சான்றிதழ் வேண்டும், அதில் சங்கத்தின் கையெழுத்தும் இருக்க வேண்டும். வருஷத்தில் சில மணி நேரமாவது சம்பளத்தோடு, தொழிலாளி தேர்ந்துகொள்ளும் படிப்புக்கு வேண்டும். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு அந்த நேரம் விடுதிக்கு வெளியே கிடைக்க வேண்டும்.

இவை சீர்திருத்தவாதக் கோரிக்கைகள் என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். திறன் என்ற பேச்சுக்குள் நுழைந்தாலே முதலாளியின் மொழிக்குள் நுழைந்துவிடுகிறோம் என்ற வாதமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. குலக்கல்வியை எதிர்த்த இந்த மண்ணில், ஒருவனை ஒரே மெஷினோடு கட்டிப்போடும் பயிற்சியைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் பேசாமலிருந்தால் அந்த மொழி முதலாளியிடமே தங்கிவிடும். கற்கும் நேரம் உழைக்கும் நேரமே என்று நிறுவுவதில் தொடங்கினால், அந்த நேரத்தில் எதைக் கற்பது என்ற அடுத்த சண்டைக்கு வழி பிறக்கும்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். பழகுநர் தொழிலாளி அல்லர் என்று புதிய சட்டம் சொன்ன பிறகு அவர்களை எப்படிச் சங்கத்தில் சேர்ப்பது? பெரம்பூர்க்காரர்கள் 1918 ஏப்ரலில் கூடியபோது அவர்களைத் தொழிற்சங்கத்தினர் என்று ஏற்க எந்தச் சட்டமும் இருக்கவில்லை. அது வர எட்டு வருஷம் ஆயிற்று. அவர்கள் காத்திருக்கவில்லை. உறுப்பினர் படிவத்தில் 'பழகுநர் உட்பட' என்று அச்சிட சங்கங்களுக்கு இப்போது என்ன தடை என்பதை, ஒவ்வொரு ஆலைச் சங்கமும் தனது அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டும்.